ஷஜராவும் பாகப் பத்திரமும்

பினாங்கில் வாழும் நம் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு விருப்பம் தெரிவித்தார். குடும்பத்தின் வமிச வரலாற்றைச் சிறு நூலாக அச்சிட்டு, தம் மகளின் நிகாஹ் மஜ்லிசுக்கு வருவோர்க்கெல்லாம் வழங்கவேண்டும் என்பது அவ்விருப்பம். நூலின் முகப்பில் இடம்பெற வேண்டியது, நம் தாயார் வழியில் பட்டுத் துணியில் சுற்றிப் பாதுகாக்கப்பட்டு வரும் நீண்டதொரு தாள். குடும்பத்தார் அதனை ‘ஷஜரா’ என்பர். ஷஜரா என்னும் அரபுச் சொல்லுக்கு மரம் என்பது பொருள். அம்மரத்தின் வேரில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் பெயர். நுனியில் நம் தாயாருடைய தந்தைக்குப் பாட்டனாரான பெரியவரின் பெயர். நாம் சையிது வமிசத்தினர், பகுதாதிலிருந்து வந்தவர்கள் என்று வீட்டுப் பெரியோர் சொல்லி வந்ததற்கெல்லாம் ஆதாரம் இந்தத் தாளே. அரபு கற்றவர் என்ற முறையில் நாம் அதனைப் பார்வையிட்டு, ‘சரி’ என்று கையொப்பம் இட்டுத் தரவேண்டும் எனக் கேட்டனர்.

கையொப்பம் இட நமக்கு இயலவில்லை. அதன் காரணத்தையும், அதனால் தொடங்கிய தேட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் எழுதுகிறோம்.

வமிசம் அறிதல் முஸ்லிம்களுக்குப் புதிய கலையன்று. ‘இல்முல் அன்ஸாப்’ என்று அதற்கெனத் தனித்துறையே உண்டு. கலீபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் (கி.பி. 634–644) மக்களுக்கு மானியம் பகிர்ந்தளிக்க ‘தீவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது, குலவழி நன்கறிந்த அகீல், மக்ரமா, ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவரையே அமர்த்திப் பெயர்களை வரிசைப்படுத்தச் செய்தார்கள். பின்வந்த பலாதுரீ (மறைவு 892), இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) முதலியோர் பெருநூல்கள் இயற்றினர். ஆனால் அத்துறைக்கு நபி (ஸல்) அவர்கள் வகுத்த எல்லை தெளிவானது. உறவைச் சேர்த்து வாழ்வதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வமிசத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உண்டு. அதற்கு மேற்பட்ட வமிசப் பெருமை நமக்குத் தேவையற்றது என்பதே ஆன்றோர் துணிபு.

உறவினர் முதலில் நமக்கு அனுப்பியது மூலத்தாளன்று. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் குடும்பப் பெரியவர் ஒருவர் தமிழில் எடுத்த படியைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார். ‘இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார்’ என 28 பெயர்கள். அதனைக் கண்டவுடன் இப்னு கல்தூன் (மறைவு 1406) நினைவுக்கு வந்தார். நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை என்பது அவருடைய உரைகல். ஒரு வமிசப் பட்டியலில் உள்ள பெயர்களையும் இடைப்பட்ட ஆண்டுகளையும் இவ்வளவையில் ஒப்பிட்டால், பெயர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா எனக் கண்டுகொள்ளலாம் என்று ‘முகத்திமா’வில் அவர் காட்டியிருக்கிறார். பிறர் பட்டியலோடு அவர் நின்றுவிடவில்லை. தம் முன்னோராகிய கல்தூனுக்கும் தமக்கும் இடையே பத்துப் பெயர்களே இருப்பதைக் கண்டு, இருபதளவில் இருக்கவேண்டும், இடையில் பல பெயர்கள் விடுபட்டிருக்கின்றன என்று தம் வரலாற்றிலேயே ஒப்புக்கொண்டார். அத்தகைய நேர்மை அரிது.

நாமும் கணக்கிட்டோம். அலீ (ரலி) அவர்கள் பிறந்தது கி.பி. 600-ஐ ஒட்டி; நம் பெரியவர் பிறந்தது 1845-ஐ ஒட்டி. 1,245 ஆண்டுகளுக்கு 37 தலைமுறை வேண்டும். இருப்பதோ 28. ஒன்பது பெயர் குறைகிறது. குறை எங்கே என்று அறிய மூலத்தாளை நேரில் காணப் புறப்பட்டோம்.

பட்டுத் துணியை விரித்த மாத்திரத்தில் ஐயம் நீங்கியது. பெயருக்கும் பெயருக்கும் இடையே ‘இப்னு’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘அன்’ என்றே இருந்தது. ‘இப்னு’ என்றால் மகன். ‘அன்’ என்றால் ‘அவரிடமிருந்து’. ஹதீஸ் அறிவிப்பாளர் தொடரை ஓதியவர் எவரும் அறிந்த சொல். ஜுனைத் பகுதாதீ (மறைவு 910), அவருக்கு மேல் ஸரீ ஸகதீ, அவருக்கு மேல் மஃரூப் கர்கீ, தாவூத் தாயீ, ஹபீப் அஜமீ, ஹஸன் பஸரீ (ரஹ்) என ஏறிச் செல்லும் அத்தொடர், காதிரிய்யா தரீக்காவின் சில்சிலா. அது தந்தை மகன் வரிசையன்று. ஆசான் மாணாக்கர் வரிசை. வமிச மரத்துக்கும் ஞானப் பரம்பரைக்கும் ஷஜரா என்ற ஒரே பெயர் வழங்குவதால் நேர்ந்த மயக்கம் இது. ஆசானும் மாணாக்கரும் நெடுவயது வாழ்ந்தோராக இருப்பதுண்டு. ஆதலால் கண்ணிகள் குறைந்தன. தமிழ்ப்படி எடுத்தவர் ‘ஹஸன் பஸரீ’ என்பதில் ‘பஸரீ’யை விட்டுவிட்டார். பஸராவில் வாழ்ந்த தாபியீன் பெரியார், அலீ (ரலி) அவர்களின் திருமகனாகிய இமாம் ஹஸன் ஆகிவிட்டார். சையிது வமிசம் பிறந்த கதை இதுதான்.

எவரும் பொய் புனையவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்தறிந்த தலைமுறை ஒன்று எழுதி வைத்தது. அவ்வெழுத்தை இழந்த தலைமுறை ஒன்று அன்போடு தவறாகப் படித்தது. அரபுத்தமிழ் வீட்டுக்கு வீடு வழங்கிய காலம் போய், பாட்டிமார் கையெழுத்தையே பேரர் படிக்கமாட்டாத காலம் வந்ததன் விளைவுகளில் இதுவும் ஒன்று.

தாளின் அடியில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருந்தது. பைஅத் செய்துகொண்ட பெரியவரின் பெயர், அவர் தந்தை பெயர், ஊர் மோகனூர், ஆண்டு ஹிஜ்ரி 1295. அதாவது 1878. இந்தச் சிற்றடியை நம் குடும்பத்தில் எவரும் பொருட்படுத்தியதில்லை. எல்லாருடைய கண்ணும் மேலேதான் இருந்தது.

மோகனூர் காவிரியின் வடகரையில் உள்ளது. காந்தமலை முருகன் கோயிலாலும், பின்னாளில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் பெயர் பெற்ற ஊர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்தது இவ்வூரிலேயே. அவருடைய தந்தையார் இங்குக் காவல்துறையில் பணியாற்றினார். ஊர்ப்பெயரை நம்பிக் கவிஞரின் பிறப்பை நாமக்கல்லில் தேடுவோர் ஏமாறுவர். எம் குடும்பத்திலோ நேர்மாறு. பெரியவரை ‘மோகனூரார்’ என்றே சொல்வது வழக்கம். மோகனூரில் இருக்கும்வரை ஒருவரை எவரும் மோகனூரார் என்று அழைப்பதில்லை. அவ்வூரை விட்டு வந்த பிறகே அப்பெயர் ஒட்டியிருக்க வேண்டும். வமிசம் தேடுவோர் பட்டப்பெயர்களை இவ்வாறு தலைகீழாகவும் படித்துப் பார்ப்பது நன்று.

இவ்வூரார் வரலாற்றைத் தேடுவோர் காவிரியை மறக்கலாகாது. 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலம், பாரமகால் நாடுகள் கும்பெனியின் கைக்கு வந்தன. எதிர்க்கரையில் கரூர், கோயம்புத்தூர்ப் பகுதிகள் 1799 வரை திப்பு சுல்தானிடமே இருந்தன. ஏழாண்டுக் காலம் மோகனூருக்கும் எதிரேயுள்ள வாங்கலுக்கும் இடையே ஓடிய ஆறு இரண்டு அரசுகளின் எல்லை. அதன் பின்னரும் ஆட்சிக் கணக்கில் அக்கரை கோயம்புத்தூர் ஜில்லா, இக்கரை சேலம் ஜில்லா. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பரிசலில் நடந்தன. பரிசலுக்கு ஜில்லா ஏது?

1878 என்ற ஆண்டையும் கவனிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் தணிந்திருந்தது. 1871-இல் ஏறத்தாழ இருபது லட்சமாக இருந்த சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை, 1881-இல் பதினாறு லட்சமாகக் குறைந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் முன்னோர் நினைவு இந்தப் பஞ்சத்தோடு அறுந்துபோவதைக் காணலாம். கேட்டால், “அதற்கு முன்னே தெரியாது” என்பார்கள். மோகனூரார் தம் முதற்குடும்பத்தைப் பஞ்சத்தில் அடக்கம் செய்தவர் என்று நம் தாயாரின் குப்பிமார் சொல்லக் கேட்டவர் இன்றும் உண்டு. வீடு வெறுமையான மனிதர் ஒரு ஷைகின் கரம் பற்றியிருக்கிறார். அதற்குச் சான்று அந்தத் தாள். பகுதாத் வமிசத்தைவிட இது நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

வேடிக்கை ஒன்று உண்டு. பஞ்சத்திலும் வறுமையிலும் கடல் கடந்து கூலிகளாகப் போனவர்களின் பெயர்கள் எழுத்தில் நிற்கின்றன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறியோர் 1,52,184 பேர். பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளத் தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதி வைத்தனர். எழுதியது அன்பினால் அன்று; ஒப்பந்தக் கணக்குக்காக. சேலம் ஜில்லாவினரும் அவற்றில் உளர். அவர்களுடைய பேரர்கள் இன்று டர்பனிலிருந்து வந்து ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஊரிலேயே இருந்தவனுக்கு அவ்வளவு எழுத்து இல்லை. அவனைப் பற்றி அரசு எழுதியதெல்லாம் நிலம் இருந்தால் மட்டுமே. மானியம் உடையோர்க்கு 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மானியம் இல்லாதவர்க்குப் பட்டாவே கதி.

மோகனூராருக்கு மானியம் இல்லை. சிறிது புன்செய் இருந்தது என்பது கேள்வி. அவர் மறைந்தது 1910-ஐ ஒட்டி. வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாறியிருக்குமே, அந்தத் தாள் எங்கே என்று சேலத்தில் பல நாள் அலைந்தோம். வழி காட்டியவர் மோகனூர்ப் பக்கத்தில் பழைய கர்ணம் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பரம்பரைக் கர்ணம் வேலை 1980-இல் ஒழிக்கப்பட்ட பின்னும், பாட்டனார் கையால் எழுதிய சில குறிப்பேடுகளை அவ்வீட்டார் வைத்திருந்தனர். “பாய், சேலத்தில் ஏன் தேடுகிறீர்கள்? 1910-லிருந்து 1929 வரை நாமக்கல் தாலுகா திருச்சிராப்பள்ளி ஜில்லா அல்லவா?” என்றார். அடியேமுக்கு இது தெரிந்திருக்கவில்லை! 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது எல்லார்க்கும் தெரியும். முந்திய மாற்றங்கள் மறந்துபோயின. எதிர்க்கரைக் கரூர்த் தாலுகாவும் அதே 1910-இல்தான் கோயம்புத்தூரை விட்டுத் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. ஆவணம் தேடுவோர் ஊரை மட்டும் தேடினால் போதாது. அவ்வாண்டில் ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்பதையும் தேடவேண்டும்.

ஆனால் நாம் திருச்சிராப்பள்ளி வரை போக நேரவில்லை. பெரியவரின் குறிப்பேட்டிலேயே பசலி 1321-க்குரிய (1911–12) பக்கத்தில், மோகனூரார் பெயரிலிருந்த நிலம் இரு புதல்வர் பெயருக்கு மாறிய விவரமும், அதற்கு ஆதாரமான பாகப்பிரிவினைப் பத்திரத்தின் எண்ணும் இருந்தன. எண்ணும் ஆண்டும் தெரிந்தபின் பத்திர நகல் பெறுவது அரிதன்று.

நகல் வந்தது. படித்தோம்.

நம் குடும்பத்தார் அறிந்த வரையில் மோகனூராருக்கு ஆண்மக்கள் இருவர். பத்திரத்தில் வாரிசுகள் நால்வர்: மனைவி, ஆண்மக்கள் இருவர், ஒரு மகள். சொத்தை ஃபராயிள் முறைப்படி நாற்பது பங்காக்கியிருந்தனர். மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய ஐந்து, மிச்சம் முப்பத்தைந்தில் ஆண்மக்களுக்குப் பதினான்கு பதினான்கு, மகளுக்கு ஏழு. ஷரீஅத் சட்டம் வந்தது 1937-இல். விவசாய நிலத்துக்கும் அதனைச் சென்னை மாகாணத்தில் விரித்தது 1949-இல். அதற்கெல்லாம் முன்னரே இந்தச் சிறு குடும்பம் சரியாகப் பங்கிட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். வமிச மரங்களில் பெண்மக்களின் பெயர் விடப்படுவது வழக்கமாகிவிட்டது. ஃபராயிள் கணக்கிலோ அவரை விட்டுவிட்டு எவராலும் பங்கிட இயலாது. முஸ்லிம் குடும்பத்தில் பெண்வழியைத் தேடுவோர்க்குப் பழைய பாகப் பத்திரத்தை விஞ்சிய சான்று வேறில்லை என்பது நம் அனுபவம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மொத்த மதிப்பு 500 ரூபாய். மகளின் ஏழு பங்குக்கு 87 ரூபாய் 8 அணா. நிலத்தைத் துண்டாடாமல் சகோதரர் இருவரும் வைத்துக்கொண்டு, தங்கைக்குத் தொகையாகத் தருவது ஏற்பாடு. ‘இன்று ரொக்கம் பெற்றது 27 ரூபாய் 8 அணா, பாக்கி 60 ரூபாய்’ என்று எழுதி, கீழே அப்பெண்மணியின் பெருவிரல் ரேகை. பாக்கி தீர்ந்ததற்குரிய ரசீதோ பத்திரமோ எங்கு தேடியும் இல்லை. சகோதரர்கள் பின்னர் நிலத்தை விற்று நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் பெயர்ந்தனர். அந்தப் பணத்தில் ஒரு பகுதியே பினாங்குக் கடைக்கு முதலாயிற்று என்று நம் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வதுண்டு.

இடையே, பழைய நிகாஹ் தஃப்தர் ஒன்றில் மோகனூராரின் மறுமணப் பதிவும் கிட்டியது, ஹிஜ்ரி 1296. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுதிய அழகிய கை. மணமகள் பெயர் உண்டு. ‘தந்தை: அப்துல்லாஹ்’. ஊர் இல்லை, குலம் இல்லை. அல்லாஹ்வின் அடிமை என்னும் பொருள் தரும் இப்பெயரை, புதிதாக இஸ்லாத்தில் சேர்ந்தோரின் தந்தை பெயராக இட்டு எழுதுவது உஸ்மானியப் பேரரசின் காஜிமார் பதிவேடுகளில் வெகுவாகக் காணப்படும் மரபு. பஞ்சத்தில் பெற்றோரை இழந்து கரையேறிய பெண்ணாக இருக்கலாம் என்பது நம் ஊகம். ஊகத்துக்கு மேல் சொல்லமாட்டோம். நாம் எல்லாரும் அந்த அம்மையாரின் மக்கள்.

இவற்றைக் குடும்பத்தாரிடம் சொன்னபோது முகங்கள் வாடின. ஒரு பெரியத்தா, “மௌத்தானவர் கணக்கைக் கிளறலாமா?” என்றார். வமிச நூலும் மௌத்தானவர் கணக்குத்தானே என்றோம். உதவ வந்த உறவினரில் சிலர் வேறுவகைத் தொல்லை தந்தனர். முதிய மாமு ஒருவரிடம் முதல் மாதம் நாம் போய் விசாரித்தபோது ஒன்றும் தெரியாது என்றார். மறுமாதம் போனபோது, நாம் கேட்ட கேள்விகளையே விடைகளாக்கித் தம் பாட்டனார் சொன்னதாகச் சொன்னார். அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலிக்கும் இதுவே நேர்ந்தது போலும். தம் முன்னோர் குண்டா கிண்டே என்ற காம்பிய நாட்டு முஸ்லிம் இளைஞர் என்று 1976-இல் ‘ரூட்ஸ்’ எழுதி உலகப் புகழ் பெற்றார். 1981-இல் ஆய்வாளர்கள் ஆவணங்களையும் அவ்வூர்க் கதைசொல்லியையும் மறுபடி விசாரித்து, ஹேலி கேட்க விரும்பியதே அவருக்குச் சொல்லப்பட்டது என்று காட்டினர். உறவினர் வாய்மொழி வேண்டும். ஆனால் கேட்குமுன் நாம் அறிந்ததை வாய்விடலாகாது.

அறுபது ரூபாய்க்கு வருவோம். கடன் காலத்தால் கழிவதில்லை என்பது நம் மார்க்கச் சட்டம். ஆனால் இன்று அறுபது ரூபாய் என்றால் ஒரு வேளைச் சிற்றுண்டி. செல்லாக்காசாகத் தேய்ந்த நாணயத்தைப் பற்றி ஹனபி மத்ஹபில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்ல, அவர் மாணாக்கர் அபூ யூசுஃப் (ரஹ்) மதிப்பைப் பார்க்கச் சொன்னார்கள். 1911-இல் ஒரு சவரனுக்குப் பதினைந்து ரூபாய் என்பது அரசு வகுத்த விலை. ஆகவே பாக்கி நான்கு பவுன். பினாங்குக்கு இதனை எழுதினோம். பத்து நாள் மறுமொழி இல்லை. பிறகு அவரே தொலைபேசியில் அழைத்து, “அசரத், நாலு பவுன் யார் கையில் கொடுக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண்மணி வாழ்க்கைப்பட்டது வாங்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என்று பத்திரத்திலேயே இருந்தது. முன்பு பரிசலில் கடந்த ஆற்றைப் பாலத்தில் கடந்தோம். அவருடைய மகன்வழிப் பேத்தி எண்பதைக் கடந்த மூதாட்டி. ஓட்டு வீட்டின் திண்ணையில் அமர்ந்திருந்தார். நாம் யார் என்று சொன்னதும் நெடுநேரம் நம்மையே பார்த்தார். 1924 பெருவெள்ளத்தில் இவர்கள் வீடு போனதும், பின்பு மேட்டில் குடியேறியதும் சொன்னார். பணம் வந்ததா என்று கேட்டோம்.

“பணம் வந்துச்சா, வரலையான்னு எனக்குத் தெரியாது அசரத். நன்னிம்மா சாயங்காலமானா ஆத்தைப் பார்த்துத்தான் ஒக்காரும். அந்த மலைக்குக் கீழதான் எங்க அத்தா வீடுன்னு காந்தமலையைக் காட்டும். அது மௌத்தான அன்னைக்கு அக்கரையில இருந்து ஒருத்தரும் வரலை. அது மட்டும் தெரியும்.”

நான்கு பவுனை அவர் முன் வைத்தோம். தொட மறுத்துவிட்டார். தமக்கு மட்டும் உரியதன்று, நன்னிம்மாவின் மக்கள் எல்லார்க்கும் உரியது, கித்தாபுப்படி பிரித்துத் தந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நியாயம். ஒருவர் பின் ஒருவராக மறைந்த வாரிசுகளுக்குள் பங்கு பிரிக்கும் கணக்கை ‘முனாஸகா’ என்பர். ஃபராயிளில் மாணவர் அஞ்சும் பாடம் அது. நன்னிம்மா பெற்ற மக்கள் எத்தனை, அவருள் முன்னே மறைந்தவர் யார், அவர் விட்டுச்சென்றோர் யார் என ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல எழுதினோம். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து விடுபட்டதைச் சொன்னார்கள். மஃரிபு பாங்கு கேட்கும்வரை முப்பத்தொரு பெயர்கள் ஆயின. இருவர் கொழும்பில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய முகவரி இன்னும் கிடைக்கவில்லை.